ரோஜா முள்ளில் தொடங்கிய கதை: மேக்ரோபேஜுக்குப் பெயர் வைத்த மெச்னிகோவ் யார்?

சுங்கை பூலோவுக்குப் பூச்செடி வாங்கப் போயிருக்கிறீர்களா? வரிசையாக நர்சரிகள் இருக்கும் அந்த இடம், 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு. கட்டாயமாகப் பிரித்து வைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்த நோயின் கிருமி எங்கே ஒளிந்துகொள்கிறது தெரியுமா? கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோபேஜ் என்ற செல்லுக்குள்ளேயே! திருடன் போலீஸ் ஸ்டேஷனில் குடித்தனம் நடத்துவது மாதிரி. அந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவர்தான் இல்யா மெச்னிகோவ்.

சர்க்கஸுக்குப் போகாதவர்

இன்றைய உக்ரேனின் கார்கிவ் நகருக்கு அருகே 1845-இல் பிறந்தவர் மெச்னிகோவ். அவர் மருத்துவர் அல்ல, விலங்கியல் ஆய்வாளர். முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். 1869-இல் நடந்த திருமணத்துக்கே அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். நொறுங்கிப்போன மெச்னிகோவ், உயிரோடு மீண்டதே பெரிய விஷயம்.

ஒடெசா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, 1882-இல் இத்தாலியின் மெசினாவுக்குக் குடிபெயர்ந்தார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்புடன் உட்கார்ந்து, நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் நகரும் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம்: இந்தச் செல்கள் உடலைக் காக்குமோ? தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முட்களை எடுத்து, கண்ணாடி போன்ற அந்த லார்வாவின் தோலுக்கடியில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன.

நமக்கு முள் குத்தினால் வீங்கி, சிவந்து, சீழ் கட்டுமே, அதே வேலைதான். அதுவரை பல மருத்துவர்கள் வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுமந்து பரப்புவதாக நினைத்தார்கள். மெச்னிகோவ் அதைத் தலைகீழாக்கினார். அழற்சி என்பது உடல் நடத்தும் தற்காப்பு என்றார். விழுங்கும் செல்களில் பெரியவற்றுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர் வந்தது.

எளிதில் யாரும் ஏற்கவில்லை. பாதுகாப்பு ரத்தத்தின் திரவப் பகுதியில் இருக்கிறது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் பலர் வாதாடினார்கள். 1888-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இடம் கிடைத்த பிறகும் சண்டை ஓயவில்லை. கடைசியில், 1908-இல் நோபல் பரிசு அவருக்கும் எதிர்முகாமின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இருவர் சொன்னதும் சரிதான்.

விழுங்குவது மட்டும்தானா?

இல்லை. காயம் பட்டவுடன் மேக்ரோபேஜ் அழற்சியைத் தூண்டுகிறது. பிறகு இறந்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. அடுத்து குணத்தை மாற்றிக்கொண்டு, புதுத் திசுவும் ரத்தக் குழாய்களும் வளரச் சமிக்ஞை அனுப்புகிறது. ஆக்சோலாட்ல் என்ற நீர்வாழ் உயிரி, வெட்டுப்பட்ட காலை மீண்டும் வளர்க்கும். அதன் மேக்ரோபேஜ்களை நீக்கியதும் கால் வளரவில்லை என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தொழுநோயில் இந்த ஏற்பாடு குழம்பிவிடுகிறது. சரியான உத்தரவு கிடைக்காத மேக்ரோபேஜுக்குள் கிருமி நிதானமாகப் பெருகும். ஒன்று இரண்டாகவே சுமார் இரண்டு வாரம் ஆகும்! சிலருக்குச் சிகிச்சையின்போதே அழற்சி திடீரென மூண்டு நரம்புகளைச் சிதைத்துவிடும். கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, அழற்சியையும் அடக்க வேண்டும்.

நம்ம சுங்கை பூலோவின் பங்கு இங்கேதான் வருகிறது. டாப்சோன் மருந்துக்குத் தொழுநோய்க் கிருமி அடங்காமல் போகிறது என்பது, இங்கிருந்த நோயாளிகளின் கிருமிகளை எலியின் பாதத்தில் வளர்த்துப் பார்த்து 1964-இல் உறுதி செய்யப்பட்டது. ஒற்றை மருந்தைக் கைவிட்டு, இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு உலகம் மாற இதுவும் ஒரு காரணம்.

மெச்னிகோவின் கடைசி ஆண்டுகள் வேறு பக்கம் போயின. புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி, தினமும் குடித்தார். நம் பாட்டிகள் மோருக்கு இவ்வளவு விளம்பரம் செய்ததில்லை! 1916-இல், 71 வயதில், இதய நோயால் பாரிஸில் இறந்தார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.