சின்ன வண்டி, பெரிய கணக்கு



எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை நிற்கும். பயப்படாதீர்கள், டாடா ஏஸ் வண்டியைத்தான் சொல்கிறேன். அப்பா அதில் பவானியிலிருந்து சேலத்துக்கு ஜமுக்காளக் கட்டு ஏற்றிப் போவார். போகும்போது பாதி லோடு, வரும்போது வெறும் வண்டி. டீசலும் மாதா மாதம் டியூவும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. போன வருஷம் ஆடி மாதம், வண்டியை வித்துடலாம் என்று அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. என் மூன்றாம் வருஷ ஃபீஸ் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தது!

அந்தச் சமயத்தில்தான் ஜிம் கேசியின் வாழ்க்கையைப் படித்தேன். ஆங்கிலப் படங்களில் பழுப்பு நிற யு.பி.எஸ். பார்சல் வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்.

1888-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா உடம்புக்கு முடியாதவர். குடும்பம் சியாட்டில் நகரத்துக்கு வந்தது. 11 வயதிலேயே ஒரு பெரிய கடையின் பார்சல்களை வீடு வீடாகக் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். நாமெல்லாம் அந்த வயதில் கோலி விளையாடிக்கொண்டிருந்தோம்!

1907-ல், 19 வயதில், 100 டாலர் கடன் வாங்கி, கிளாட் ரயன் என்ற நண்பரோடு சேர்ந்து தூது கொண்டுபோகும் தொழில் ஆரம்பித்தார். நடைபாதைக்கு அடியில் ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். சிட்டு கொண்டுபோவது, சாமான் கொடுப்பது, கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவது. பிழைப்பு ஓடியது. ஆனால் வீட்டுக்கு வீடு டெலிபோன் வர ஆரம்பித்ததும் சிட்டு கொண்டுபோக ஆள் எதற்கு? தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது.

கேசி முடங்கவில்லை. டெலிபோன் சேதியைக் கொண்டுபோகும், சேலையைக் கொண்டுபோகுமா? 1913-ல் எவர்ட் மெக்கேப் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடைகளின் பார்சல் பக்கம் திரும்பினார். முதல் கார் ஒரு ஃபோர்டு மாடல் டி. இருந்தது ஒரே ஒரு கார்.

இங்கேதான் அவருடைய மூளை வேலை செய்தது. அந்த நாளில் ஒவ்வொரு பெரிய கடையும் சொந்தமாக வண்டி வைத்திருந்தது. நாலு கடையின் நாலு வண்டிகள், ஆளுக்குக் கொஞ்சம் சாமானோடு ஒரே தெருவுக்குப் போகும். நாலும் காலியாகத் திரும்பும். கேசி அந்தத் தெருவுக்கான பார்சல்களை எல்லாம் ஒரே வண்டியில் சேர்த்தார். கடைக்காரருக்குச் செலவு குறைந்தது, கேசிக்கு லாபம் நின்றது. 1918-க்குள் சியாட்டிலின் மூன்று பெரிய கடைகள் அவருடைய வாடிக்கையாகிவிட்டன.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டிரிப்புக்கு முழு வாடகை 2,000 ரூபாய் என்று வையுங்கள். பாதி வண்டிச் சரக்கு வைத்திருப்பவர் அதைக் கொடுக்க யோசிப்பார். ஆயிரம்தான் தருவேன் என்பார். அதே வண்டியில் ஐந்து பேருடைய சரக்கைச் சேர்த்து, தலைக்கு 600 வாங்கினால் 3,000. ஒவ்வொருவருக்கும் மலிவு, வண்டிக்காரருக்கும் கட்டுப்படி!

ஆனால் ஐந்து பேர் சரக்கு என்றால் ஐந்து மடங்கு பொறுப்பு. ஒன்று மாறினாலும் பெயர் கெட்டுவிடும். அதனால்தான் கேசி மரியாதை, சுத்தம், நேரம் மூன்றிலும் கறாராக இருந்தார். 1919-ல் ஓக்லாந்துக்குப் போனபோதுதான் யு.பி.எஸ். என்ற பெயர் வந்தது. 1927 முதல் மேலாளர்களையே பங்குதாரர்களாக்கினார்.

இரண்டாவது இடி உலகப் போருக்குப் பிறகு விழுந்தது. ஜனங்கள் சொந்தக் கார் வாங்கி, கடைச் சாமானைத் தாங்களே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது கேசிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், கடைகளை மட்டும் நம்பாமல் யாருடைய பார்சலையும் யாருக்கும் கொடுக்கும் சேவையை விரிவாக்கினார். மாநிலத்துக்கு மாநிலம் அனுமதி கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒட்டிய 48 மாநிலங்களுக்கும் சேவை போய்ச் சேர்ந்தது 1975-ல்தான்! 1948-ல் தாயார் ஆனி பெயரில், வறுமையில் வாடும் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை வைத்தவர், 1983-ல் 95 வயதில் மறைந்தார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். தறிக்காரர்கள் நாலைந்து பேரிடம் பேசி, செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்தோம். முதல் வாரமே ஒரு கட்டு மாறிப்போய், அப்பா கைக்காசில் டீசல் போட்டு மறுபடி சேலம் போய்வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் பெயர்ச் சீட்டு. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்று, முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்று என்று வரிசையும் போட்டோம். திரும்பும்போது மளிகைக் கடைகளுக்கு ஜவ்வரிசி மூட்டை கிடைக்கிறது.

கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் வண்டி விற்கப்படவில்லை. நானும் ஃபீஸ் கட்டிவிட்டேன்.

நண்பர்களே, நாளை நாமும் சிறுதொழில் தொடங்குவோம். வண்டி சிறியதே என்று கலங்க வேண்டாம். அது காலியாகத் திரும்புகிறதா என்று மட்டும் தினமும் பார்த்துக்கொள்வோம்!