தொடக்க இழையை நெய்து தந்த ஹர் கோவிந்த் கொரானா

டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதிக்கு ஒரு குணம் உண்டு. வெறுமையிலிருந்து அது வேலையைத் தொடங்காது. மூல இழையின் மீது முன்னரே ஒட்டியிருக்கும் சிறு துணுக்கின் நுனியைப் பற்றிக்கொண்டே அடுத்தடுத்த எழுத்துகளைச் சேர்க்கும். பிரைமர் எனப்படும் அத்தொடக்க இழை இல்லாவிடில் கோவிட் பரிசோதனையும் இல்லை, மரபணு வரிசையை வாசிப்பதும் இல்லை. அத்தகைய இழைகளை விரும்பிய எழுத்து வரிசையில் வேதியியல் முறையில் ஆக்கும் வழியை வகுத்த முன்னோடிகளுள் முதன்மையானவர் ஹர் கோவிந்த் கொரானா.

இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தானை அடுத்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922-இல் அவர் பிறந்தார். சுமார் நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவருடையது ஒன்றே என்பர். தந்தை கிராமக் கணக்கர். மரத்தடியில் தொடங்கிய கல்வி முல்தான், லாகூர் வழியாக நீண்டு, 1945-இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தை எட்டியது. 1948-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1949-இல் தாயகம் திரும்பியவருக்கு ஏற்ற பணி எதுவும் அமையவில்லை. பிரிவினையில் சொந்த ஊரும் எல்லைக்கு அப்பால் போயிருந்தது. மீண்டும் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றவர், 1952-இல் கனடாவின் வான்கூவரில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே வசதிகள் சொற்பம். விரும்பியதை ஆராயும் உரிமையோ முழுமையாகக் கிடைத்தது. நியூக்ளியோடைடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் வேதியியலை அவர் அங்குதான் வளர்த்தெடுத்தார்.

1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தெரிந்த வரிசையுடைய இழைகளை ஆக்கி, எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று கண்டறிந்ததில் அவர் குழுவின் பங்கு பெரிது. அதற்காக 1968-இல் மார்ஷல் நிரன்பர்க், ராபர்ட் ஹோலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1970-இல் 77 எழுத்திணைகள் கொண்ட ஈஸ்ட் மரபணு ஒன்றை முற்றிலும் வேதியியல் வழியில் உருவாக்கியதாக அவர் குழு அறிவித்தது. அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்.

அம்முயற்சியின் கிளையாக, செல் கிளெப்பேயை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று 1971-இல் வெளியானது. சூடாக்கி இரு இழைகளையும் பிரித்தல், இரு முனைகளுக்கும் உரிய இரண்டு பிரைமர்களை மிகுதியாக இடுதல், குளிரவைத்து நொதியைச் சேர்த்தல், பின் அதையே மீண்டும் செய்தல் என்னும் எண்ணம் அதில் இடம்பெற்றிருந்தது. பின்னாளில் பி.சி.ஆர். எனப் பெயர்பெற்ற முறையின் சாரம் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அது கவனம் பெறாமல் கிடந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. பிரைமரைத் தேர்ந்தெடுக்க, இலக்கின் எழுத்து வரிசையில் ஒரு பகுதியேனும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அன்று வரிசை தெரிந்த மரபணுக்களே அரிது. பிரெடரிக் சாங்கரின் வாசிப்பு முறை 1977-இல்தான் வந்தது. இருபது எழுத்து இழையை ஆக்குவதும் அன்று நீண்ட உழைப்பு.

அந்த இருபது என்ற அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கே எழுத்துகளைக் கொண்டு 17 இடங்களை நிரப்பினால் 1,700 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் கிடைக்கும். மனித மரபுத்தொகுதியின் நீளம் சுமார் 300 கோடி எழுத்துகள்தாம். எனவே இருபது எழுத்து இழை ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தும் வாய்ப்பு மிகுதி. ஜி, சி எழுத்துகள் ஏறக்குறையப் பாதியளவு இருந்தால் பிணைப்பின் உறுதி அளவாக அமையும். நொதி புறப்படும் நுனியில் பிசகு கூடாது. இழை தன்மேல் தானே மடிந்துகொள்வதும் ஆகாது. வரிசையை வாசிக்கும்போது பிரைமரை ஒட்டிய முதற் சில பத்து எழுத்துகள் தெளிவாக விழாததால், வேண்டிய பகுதிக்குச் சற்று முன்னரே அதைப் பொருத்துவது வழக்கம். இன்று மாணவர் ஒருவர் இவற்றைக் கணினியில் சரிபார்த்து அனுப்பினால், சில நாள்களில் இழை கைக்கு வந்துவிடுகிறது.

1983-இல் சீட்டஸ் நிறுவனத்தின் கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையை வகுத்தார். அதன் காப்புரிமையை டுபான்ட் நிறுவனம் எதிர்த்தபோது, கொரானா குழுவின் பழைய கட்டுரைகளே சான்றாக முன்வைக்கப்பட்டன. 1991-இல் நடுவர் குழு சீட்டஸ் பக்கமே தீர்ப்பளித்தது. எண்ணத்தை எழுதிவைப்பதற்கும் அதைச் செயலாக்கிக் காட்டுவதற்கும் இடைவெளி உண்டு என்பதால் முல்லிஸின் பெருமை குறைவதில்லை, எனினும் பி.சி.ஆர். வரலாற்றின் பல சுருக்கங்களில் 1971 விடுபட்டுப்போவது நியாயமன்று.

1993-இல் வேதியியல் நோபலை முல்லிஸுடன் பகிர்ந்துகொண்டவர் மைக்கேல் ஸ்மித். பிரைமரில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி, மரபணுவில் விரும்பிய திருத்தத்தைச் செய்யும் முறை அவருடையது. 1950-களில் வான்கூவரில் கொரானாவிடம் ஆய்வாளராகச் சேர்ந்து அத்துறைக்குள் வந்தவர் அவர்.

கொரானாவோ அதற்குள் வேறு வினாவுக்கு நகர்ந்திருந்தார். 1976-இல் தம் குழு ஆக்கிய மற்றொரு மரபணு பாக்டீரியாவினுள் இயங்கியதைக் கண்டபின், விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் மீது அவர் கவனம் திரும்பியது. 2011 நவம்பர் 9 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகரில் அவர் காலமானார்.