விதை தேடி உலகம் சுற்றியவர்

உலகத்துப் பயிர் விதைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கப் புறப்பட்டார் ஒருவர். மக்களுக்குப் பஞ்சம் வரக்கூடாது என்பது அவர் ஆசை. அவரே சிறையில் பட்டினியால் இறந்தார்!

அவர் பெயர் நிக்கலாய் வாவிலோவ். ருஷிய விஞ்ஞானி. 1887-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தகப்பனார் குடியானவர் வீட்டில் பிறந்து, துணி வியாபாரத்தில் பணக்காரர் ஆனவர். மகன் வியாபாரத்துக்குப் போகவில்லை. விவசாயக் கல்லூரிக்குப் போனார்.

1917-ல் வோல்கா நதிக்கரையில் உள்ள சாரதோவ் நகரில் பேராசிரியர் ஆனார். கோதுமையும் தர்ப்பூசணியும் விளையும் சீமை அது. 1921-ல் அங்கே மழை பொய்த்தது. பயிர் கருகியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு வாவிலோவ் பெட்ரோகிராடு நகருக்குப் போய், பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆகியிருந்தார். அந்த நகரம்தான் பிறகு லெனின்கிராட் ஆயிற்று.

கசப்புக் காயின் பெருமை

வறட்சியையும் நோயையும் தாங்கும் குணத்தை எங்கே தேடுவது? நாட்டு ரகங்களிலும் காட்டுச் செடிகளிலும் தேட வேண்டும் என்றார் வாவிலோவ்.

தர்ப்பூசணியையே பாருங்கள். அதன் தாய்நாடு ஆப்பிரிக்கா. காட்டில் அது கசக்கும். மனிதன் இனிப்பான பழத்தின் விதையையே எடுத்து எடுத்து விதைத்தான். பழம் இனித்தது. ஆனால் நோயைத் தாங்கும் பலம் குறைந்துபோயிற்று. அமெரிக்காவில் வாடல் நோய் தோட்டம் தோட்டமாகக் கொடிகளை அழித்தது. ஆர்ட்டன் என்ற விஞ்ஞானி, பச்சையாகத் தின்ன உதவாத ஓர் ஆப்பிரிக்க இனத்தை நல்ல ரகத்தோடு கலந்தார். நோயைத் தாங்கும் தர்ப்பூசணி பிறந்தது! 1911-ல் அது வெளிவந்தது.

யாரும் சீந்தாத காய்க்குள் இப்படி ஒரு புதையல் இருக்கிறது. அந்தப் புதையலைத் தேடித்தான் வாவிலோவ் புறப்பட்டார்.

பாரசீகம், ஆப்கானிஸ்தானம், அபிசீனியா, சீனா, ஜப்பான், தென் அமெரிக்கா என்று சுற்றினார். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் மலை ஏறினார். சந்தைகளில் விதை வாங்கினார். ஒரு பயிரில் எங்கே ரகங்கள் மிகுதியோ, அங்கேதான் அந்தப் பயிர் பிறந்திருக்கும் என்று கண்டார். 1940-க்குள் அவருடைய நிலையத்தில் சுமார் இரண்டரை லட்சம் விதை மாதிரிகள் சேர்ந்தன.

கைது

லைசென்கோ என்பவர் ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். தாய்ச் செடியின் குணம் வழிவழியாக வருவது பற்றிய விஞ்ஞானமே பொய் என்றார். நல்ல பயிரை வெகு சீக்கிரம் உண்டாக்கித் தருவதாகச் சொன்னார். முதலில் அவரைத் தட்டிக்கொடுத்தவரும் வாவிலோவ்தான்! பிறகு எதிர்த்தார். பின்வாங்கவில்லை.

1940 ஆகஸ்டு மாதம், உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைக் கைது செய்தார்கள். 1941-ல் மரண தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டு அது 20 ஆண்டுச் சிறையாக மாறியது.

அதற்குள் ஜெர்மன் படை லெனின்கிராடை வளைத்துக்கொண்டது. நகரில் தின்ன ரொட்டி இல்லை. விதை நிலையத்தில் நெல், கோதுமை, கடலை எல்லாம் இருந்தன. வாவிலோவின் சகாக்கள் ஒரு மணியும் தொடவில்லை. எலிகளிடமிருந்து விதைகளைக் காத்தார்கள். நெல் விதையைக் காத்த டிமிட்ரி இவானோவ் பசியால் மாண்டார். இன்னும் பலரும் அப்படியே மாண்டார்கள்.

வாவிலோவ் அடைபட்டிருந்த சிறை எங்கே இருந்தது தெரியுமா? அவர் பாடம் சொல்லிக்கொடுத்த அதே சாரதோவ் நகரில்! அவர் மனைவியும் மகனும் அப்போது அந்த ஊரிலேயே இருந்தார்கள். அவர் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மனைவி உணவுப் பொட்டலங்களை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

1943 ஜனவரி 26-ந் தேதி வாவிலோவ் இறந்தார். வயது 55.

1955-ல் அவர் குற்றமற்றவர் என்று சர்க்கார் அறிவித்தது. விதை நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே தர்ப்பூசணி விதைகளும் பத்திரமாக இருக்கின்றன. இனிப்பு ரகமும் உண்டு, கசப்பு ரகமும் உண்டு.