மாட்டுக்குள்ளே ஒரு கேமராக்காரர்

செர்ரி கியர்ட்டன் 1871-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1892-ல் அவர் எடுத்த பறவைக்கூட்டுப் படத்தைப் பார்த்து அசந்துபோன அண்ணன் ரிச்சர்டு, தம்பியோட படங்களை வெச்சே 1895-ல் பறவைக்கூடுகள் பற்றி ஒரு புத்தகம் போட்டார்.

அப்போ ஐஎஸ்ஓ-வை ஏத்துற வசதியெல்லாம் கிடையாது. கண்ணாடித் தகடுக்கு நிறைய வெளிச்சம் வேணும். தூரத்துப் பறவையைப் பெரிசாக்கினா தெளிவு போயிடும். கிட்டப் போகணும், ஆனா பறவை மிரளக் கூடாது. அதுக்காக, மாட்டுத்தோல் போர்த்திய பொம்மை மாடு செஞ்சு, அதுக்குள்ள ஒளிஞ்சு காத்திருந்து படம் எடுத்தாங்க அண்ணன் தம்பி!

ஆப்பிரிக்கக் காடு வரை கேமராவோட போன செர்ரி, 1940-ல் லண்டனில் காலமானார்.

இன்னிக்கு நாய்ஸை மென்பொருளில் துடைச்சா, இறகோட நுண்கோடுகளும் சேர்ந்தே அழியலாம். நல்ல வெளிச்சமும் பொறுமையும் இருந்தா, துடைக்கிற வேலையே குறைவு மக்களே!