காந்தியடிகளும் கொள்ளைநோயும்

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைப்பாதையைப் பற்றி, போடிநாயக்கனூர் வட்டாரத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூணாற்றுத் தேயிலை கம்பிக் கயிற்றில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி வந்த காலத்திலேயே ஜனங்கள் அம்மலைச்சரிவில் கால்நடையாய்ப் போய் வந்தார்கள். கீழே வீடு, மேலே ஏலத்தோட்டம். கூலிக்கு ஏறுவதும் வீட்டுக்கு இறங்குவதும் அவ்வூர்களின் ஏழைகளுக்கு அன்றாட வாழ்க்கை. போடிமெட்டுச் சாலையில் ஜீப்புகள் ஓடத் தொடங்கிய பின் நடப்பவர்கள் குறைந்தார்கள். காட்டுப் பாதைகள் மட்டும் மறைந்துவிடவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் கொரோனாவுக்கு அஞ்சி எல்லை அடைக்கப்பட்டது, வண்டிகள் நின்றன. கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம்மவர்கள் வீடு திரும்ப வேண்டும். சாலை இல்லையென்றால் காடு இருக்கிறதே என்று இறங்கினார்கள். போடிக்கு அருகே இராசிங்காபுரம் பக்கத்து மலைக்காட்டில் அவ்விதம் இறங்கிய ஒரு கூட்டத்தைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. நால்வர் மாண்டனர். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 2018 மார்ச்சு 11ஆம் தேதி, குரங்கணி மலையில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் வெந்து மடிந்திருந்தனர். பங்குனிக் கோடையில் அந்த மலை எரியும் என்பது எந்த அதிகாரிக்கும் தெரியாத இரகசியமன்று.

எல்லையை அடைத்தது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. தொத்து வியாதி பரவும்போது சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அதுவே பெரும் பாவம். ஆனால் சாலையை அடைக்கிறவன், அந்தச் சாலையில் வரவேண்டியவன் இனி எவ்வழியே வருவான், எங்கே தங்குவான், எதைத் தின்பான் என்று முன்கூட்டி யோசித்தானா என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது காந்தியடிகளின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது. உப்பையும் இராட்டையையும் அறிந்த அளவுக்கு, பிளேக்கோடு அவருக்கு இருந்த சம்பந்தத்தை நம் ஜனங்கள் அறிந்திருப்பதாகத் தோன்றவில்லை. அவர் தனிவைப்பினால் அவதியுற்றவர். தனிவைப்பை முன்னின்று நடத்திக் கொடுத்தவரும் அவரே.

1896ஆம் ஆண்டு அவர் தம் குடும்பத்தை அழைத்துச் செல்லும் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாய்நாடு வந்திருந்தார். அப்போது பம்பாயில் பிளேக் தலைகாட்டிற்று. இராஜ்கோட்டிலும் பீதி பரவியது. சுகாதார வேலைக்குத் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் சமஸ்தானத்தைக் கேட்டார். ஒரு கமிட்டி அமைந்தது. வீடு வீடாய்ச் சென்று கக்கூசுகளைப் பார்வையிடுவதே அவர் ஏற்ற பொறுப்பு. பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்கு இது என்ன வேலை என்று அன்று பலர் முகம் சுளித்திருப்பார்கள். ஏழைகள் தடை சொல்லாமல் கதவைத் திறந்தனர். சொன்ன சீர்திருத்தங்களையும் செய்தனர். பெரிய வீட்டுக் கனவான்களோ உள்ளே விடவே மறுத்தார்கள். அவர்கள் வீட்டுக் கக்கூசுகளே படுமோசமாகவும் இருந்தன. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருப்புக்கு அவரோடு வரக் கமிட்டியில் ஒரே ஒருவர்தான் இணங்கினார். போய்ப் பார்த்தால் அங்கே வீடுகள் மெழுகித் துப்புரவாக இருந்தன. சட்டம் யார் வாசலில் கண்டிப்பாக நிற்கிறது, யார் வாசலில் வணங்கி நிற்கிறது என்னும் பாடத்தை அவர் அங்கே படித்தார் என்று நாம் எண்ணுகிறோம்.

அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் தேதி, மனைவி மக்களுடன் அவர் ஏறிவந்த கூர்லண்ட் கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சியது. நாதேரி என்னும் மற்றொரு கப்பலும் உடன் வந்தது. இரண்டிலுமாகச் சுமார் 800 பிரயாணிகள். பம்பாயில் பிளேக் இருப்பதால் யாரும் இறங்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. பிளேக் கிருமி வெளிப்பட 23 நாள் ஆகும் என்பது துறைமுக வைத்தியர் சொன்ன காரணம். பிளேக் கிருமியை 1894இலேயே ஹாங்காங்கில் எர்சின் என்ற விஞ்ஞானி கண்டுவிட்டார். அந்நோய் ஒரு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும் என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் படிக்கலாம். கப்பலில் ஒருவருக்கேனும் நோய் காணவில்லை. ஆயினும் தடை நீண்டுகொண்டே போயிற்று. கரையில் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டினார்கள். இந்தியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. கப்பல் சொந்தக்காரருக்குப் பயமுறுத்தலும் ஆசை வார்த்தையும் மாறி மாறி வந்தன. நோயைத் தடுக்க ஏற்பட்ட சட்டம் நிறத்தைத் தடுக்க உபயோகப்பட்டது.

1897 ஜனவரி 13ஆம் தேதி இறங்க அனுமதி கிடைத்தது. தெருவில் கும்பல் அவரைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தது, உதைத்தது. போலீஸ் சூப்பரின்டென்டென்ட் அலெக்சாண்டரின் மனைவி தம் குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் நமது தேசத்தின் சரித்திரமே வேறாயிருக்கும். அடித்தவர்கள்மீது வழக்குத் தொடர அவர் மறுத்தார் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அதே மாதங்களில் இங்கே நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் தொத்துநோய்ச் சட்டத்தை நிறைவேற்றிற்று. புனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ்ப் பட்டாளத்தார் வீடுகளுக்குள் புகுந்தார்கள். பூஜையறை, சமையலறை என்று பாராமல் சோதித்தார்கள். பிணியாளரையும் உற்றாரையும் பிரித்து முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைக்கலானார்கள். ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். லோகமான்ய திலகர் தம் பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறை சென்றார். இவ்வளவுக்கும் பிறகு பிளேக் தணிந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்தச் சட்டத்தில் நான்கே பிரிவுகள். நல்லெண்ணத்துடன் காரியம் செய்த அதிகாரிமீது வழக்குத் தொடரலாகாதென்று ஒரு பிரிவு சொல்கிறது. அடைத்து வைக்கப்பட்டவனுக்குச் சோறு யார் போடுவதென்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சுதந்திர இந்தியா 2020இல் கையில் எடுத்ததும் இந்தச் சட்டத்தையே. அவ்வாண்டு அதைத் திருத்தி, வைத்திய ஊழியர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்த்தார்கள், அது நியாயமே. சோற்றைப் பற்றி அப்போதும் ஒரு வரி சேர்க்கவில்லை.

இனி ஜோஹான்ஸ்பர்க்குக்கு வருவோம். அங்கே இந்தியர்கள் குடியிருந்த பகுதிக்குக் கூலி லொக்கேஷன் என்று வெள்ளையர் இழிபெயர் வைத்திருந்தார்கள். 1903இல் நகரசபை அந்த நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. குடியிருந்தவர்களை உடனே வேறிடத்தில் வைக்க அதனிடம் இடமில்லை. ஆகவே சொந்தக்காரர்கள் அந்தக் குப்பைக்குள்ளேயே வாடகைக்காரர்களாக நீடித்தார்கள்; நெருக்கம் முன்னிலும் அதிகமாயிற்று; துப்புரவைக் கவனிப்பார் இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. நன்றாய் வக்கீல் தொழில் நடத்தி வந்தார். 1904 பிப்ரவரியிலேயே, இந்நிலை நீடித்தால் கொள்ளைநோய் வருவது நிச்சயம் என்று நகரசபை வைத்திய அதிகாரிக்கு எழுதி எச்சரித்தார். மார்ச்சு மாதம் அது வந்தது.

வந்தது சாதாரணப் பிளேக் அன்று. நுரையீரலைத் தாக்கும் வகை. மூச்சிலேயே பரவும்; கண்டவர் பிழைப்பது அரிது. அருகிலிருந்த தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களிடையே முதலில் தோன்றிற்று. அங்கு வேலைக்குப் போன இந்தியர்கள் 23 பேர் ஒரே மாலையில் நோயோடு லொக்கேஷனுக்குத் திரும்பினார்கள். மதன்ஜித் என்ற நண்பர், தமிழிலும் பக்கங்கள் வெளியிட்ட இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க அங்கே போயிருந்தார். அவர் காலியாயிருந்த வீடொன்றின் பூட்டை உடைத்து நோயாளிகளை உள்ளே கிடத்திவிட்டுப் பென்சிலால் நாலு வரி எழுதி அனுப்பினார். காந்தியடிகள் சைக்கிளில் ஓடினார். பூட்டை உடைத்த காரணத்தை நகரசபைக் காரியதரிசிக்கு அப்போதே எழுதித் தெரிவித்தார். டாக்டர் வில்லியம் காட்பிரே வந்தார். தம் ஆபீஸ் குமாஸ்தாக்கள் நால்வரையும் அவர் கேட்டார். நால்வரும் பிள்ளைகளைப் போல் உடன் வந்தார்கள். அன்றிரவு முழுவதும் மருந்து கொடுப்பது, படுக்கையைச் சுத்தம் செய்வது, தைரியம் சொல்வது என்று கழிந்தது.

மறுநாள் நகரசபை ஒரு பழைய கிடங்கைக் கொடுத்தது. அதைச் சுத்தம் செய்யக்கூட ஆளில்லை, இவர்களே செய்தார்கள். ஒரு நர்ஸ் வந்தாள். நோயாளிகளுக்கு அடிக்கடி பிராந்தி கொடுக்க வேண்டுமென்று அவளுக்குக் கட்டளை. டாக்டரின் அனுமதி பெற்றுக் காந்தியடிகள் மூவருக்குப் பிராந்திக்குப் பதில் ஈரமண் பற்றுப் போட்டார். அவர்களில் இருவர் பிழைத்தனர். மற்ற இருபது பேரும் அந்தக் கிடங்கிலேயே இறந்தார்கள். சில நாளில் அந்த நர்ஸும் பிளேக்குக்குப் பலியானாள். மண் பற்றினால் பிழைத்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பிளேக்கைக் குணமாக்கும் மருந்து பல்லாண்டுகள் கழித்தே வந்தது. பிற்காலத்தில் அம்மை குத்துவதை அவர் எதிர்த்ததும் நமக்கு உடன்பாடன்று. அம்மை உலகத்தை விட்டு ஒழிந்தது அந்தத் தடுப்பூசியினால்தான். மருந்து விஷயத்தில் அவர் வழி வேறு. ஜனங்களை நடத்துகிற விஷயத்தில் அவர் செய்ததையே நாம் இங்கு கவனிக்கிறோம்.

நகரசபையின் அலட்சியமே இந்த மரணங்களுக்குக் காரணம் என்று அவர் பத்திரிகையில் பகிரங்கமாய் எழுதினார். அந்தக் கடிதமே ஹென்றி போலக் என்ற நண்பரை அவருக்குத் தேடிக் கொடுத்தது. இவ்விதம் குற்றஞ்சாட்டிய அதே சமயத்தில் அவர் நகரசபைக்கு முழு ஒத்துழைப்பும் தந்தார். லொக்கேஷனைச் சுற்றிப் பலமான காவல் போடப்பட்டது. அனுமதியில்லாமல் யாரும் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியாது. அவருக்கும் அவருடன் வேலை செய்தவர்களுக்கும் மட்டும் தாராளமாகச் சீட்டு இருந்தது. பிறகு லொக்கேஷன் முழுவதையும் காலி செய்து கொளுத்திவிடுவதென்று நகரசபை முடிவு செய்தது. ஜனங்கள் நடுங்கினார்கள். இவர் தினமும் நடுவில் நின்றதால்தான் இசைந்தார்கள். இல்லாவிட்டால் துப்பாக்கி வேண்டியிருந்திருக்கும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

அங்கேதான் ஒரு சிறு விஷயம் பெரிதாய் நின்றது. ஏழைகள் தம் சேமிப்பைப் பாங்கியில் போட்டு அறியாதவர்கள். மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். வீட்டைக் கொளுத்தினால் அந்தப் பணம் என்ன ஆவது? இந்த ஒரு பயத்துக்காகவே ஒருவன் நோயை மறைப்பான், காவலைத் தாண்டி ஓடுவான். காந்தியடிகள் அவர்களுக்குப் பாங்கியானார். தோண்டி எடுத்த வெள்ளியும் செம்பும் அவர் ஆபீஸில் குவிந்தன. தமக்குப் பழக்கமான பாங்கி மானேஜரைக் கண்டு பேசினார். பிளேக் வீட்டிலிருந்து வந்த காசுகளைத் தொடக் குமாஸ்தாக்கள் அஞ்சுவார்களே என்று, கிருமி நீக்கி அனுப்ப ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 60,000 பவுன் அவ்விதம் பாங்கிக்குப் போயிற்று.

ஜனங்களை ஊருக்கு வெளியே 13 மைல் தூரத்தில் கிளிப்ஸ்ப்ரூட் என்ற பண்ணைக்குக் கொண்டு போகத் தனி ரயில் விட்டார்கள். மூன்று வாரம் கூடாரத்தில் வாசம். அரிசியும் பருப்பும் நகரசபைச் செலவில். அவர் தினந்தோறும் சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தார். ஒரு நாள் கழிவதற்குள் துக்கத்தை மறந்து அவர்கள் பாட்டும் சிரிப்புமாய் இருப்பதைக் கண்டார். திறந்த வெளிக் காற்றில் அவர்கள் தேகம் தேறியது. லொக்கேஷன் எரிந்தது. செத்த எலிகள் கிடந்தன என்று நகரசபை தன் சொந்தச் சந்தையிலிருந்த மரத்தையெல்லாமும் கொளுத்திற்று. சுமார் 10,000 பவுன் நஷ்டம். ஏழையின் குடிசையோடு தன் சொத்தையும் எரிக்கத் துணிந்த அந்த நகரசபையை, அது செய்த முன்குற்றத்துக்காக ஏசினாலும், இந்த ஒரு காரியத்துக்காக நாம் மதிக்கிறோம்.

1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவரையும் பீடித்ததாக இன்று பலர் எழுதுகிறார்கள். அவர் அவ்வாண்டு சாகக் கிடந்தது சீதபேதியினால். விஷக்காய்ச்சல் பறித்துக்கொண்டது அவருடைய மூத்த மருமகளை, ஹரிலாலின் மனைவியை.

2020 மார்ச்சு 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் தேசமெங்கும் ஊரடங்கு என்று பிரதம மந்திரி அறிவித்தார். நடுவில் நான்கு மணி நேரம். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரம் அறிந்தவர்களுக்கு, எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது தோட்டத்துக் கணக்கிலேயே இருக்கும் என்பது தெரியும். நாள்தோறும் அவர்களை ஏற்றி இறக்கிய ஜீப்புகளும் போடியில்தான் நின்றன. எல்லையை அடைக்கும் முன் இரண்டு நாள் அந்த ஜீப்புகளை ஓட விட்டு, போடிமெட்டில் வைத்தியர்களை நிறுத்திப் பரிசோதித்து, சந்தேகப்பட்டவர்களைப் பள்ளிக்கூடக் கட்டிடங்களில் பதினான்கு நாள் சோறு போட்டு வைத்திருக்கலாம். மேலேயே தங்குகிறவர்களுக்குப் பாக்கிக் கூலியும் அரிசியும் லயத்துக்கே போகும்படி இரண்டு ராஜ்யத்துக் கலெக்டர்களும் பேசி முடித்திருக்கலாம். லொக்கேஷன்வாசிகளுக்கு 1904இல் ஓர் அந்நிய நகரசபை தனி ரயில் விட்டது. இராசிங்காபுரத்துக் காட்டில் இறங்கியவர்களுக்கு ஒரு ஜீப் போதுமாயிருந்தது.