அட்டைக் கத்தியும் அசல் குண்டும்

விடுதியில் என் பெட்டியைத் திறந்து பார்த்தவர் எவரும் சிரிக்காமல் போனதில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய மரவாள் மூன்று. தகரக் கேடயம் ஒன்று. திரையில் கண்டதைப் போலச் செதுக்கிய மரத்துப்பாக்கி இரண்டு. பொறியியல் படிக்க வந்தவனுக்குப் பொம்மைகள் எதற்கு என்று கேட்கிறார்கள். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். முதல் வாளைச் செதுக்கித் தந்தவர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்த என் தாத்தா. அது யாருடைய வாள் என்பதைச் சொன்னால் என் பித்து உங்களுக்கும் விளங்கும்.

1917 சனவரி 17ஆம் நாள் இலங்கையில், கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார் எம்.ஜி. இராமச்சந்திரன். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை அவரைப் பள்ளியினின்று பிரித்து நாடகக் குழுவில் சேர்த்தது. 1936இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடம். 1947இல் 'ராஜகுமாரி'யில்தான் கதாநாயகன். இடையே பதினோராண்டுக் காத்திருப்பு! பிறகு 'மர்மயோகி', 'மதுரை வீரன்', 'நாடோடி மன்னன்' என்று திரையில் அவர் வாள் சுழன்றது. எங்கள் ஊர்த் தொழிலாளர் குடியிருப்புகளில் சிறுவர் கைகளில் குச்சிகள் சுழன்றன. 1963இல் வந்த 'கலை அரசி'யிலோ, வேற்றுக் கிரகத்தார் கவர்ந்து சென்ற காதலியை மீட்க விண்ணுக்கே போனார்!

பொய்ச் சண்டையும் மெய்யாகக் காயப்படுத்தும். 1959இல் சீர்காழி நாடக மேடையில், சண்டைக் காட்சியில் அவர் கால் முறிந்தது. தேறி எழுந்தார். ஆனால் 1967 சனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் வெடித்தது மரத்துப்பாக்கி அன்று. உடன் நடித்து வந்த எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நடிகனுக்கு இதைவிடக் கேடு உண்டோ? அந்தக் குழறிய குரலோடே நடித்தார். மக்கள் அதையும் தம் குரலாக ஏற்றுக்கொண்டனர்.

ஆறாண்டுகள் கழித்து அவரே தயாரித்து இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழியைக் கண்ட விஞ்ஞானி, அழிவு வேலைக்கு அது போய்விடுமென அஞ்சி, விலை பேச நினைப்பவனுக்குத் தர மறுக்கும் கதை. ஆயிரம் ஆயுதங்களைத் திரையில் ஏந்தியவர், அசல் குண்டின் வலியை அறிந்த பின் சொன்ன கதை என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

1972இல் தனிக்கட்சி கண்டார். அக்கட்சி எங்கள் தங்கவயல் தொகுதியிலும் வென்றதுண்டு. 1977இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். பசியறிந்த அந்தப் பிள்ளை 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார்.

2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின் தாத்தாவின் கைகளுக்கு வேலை இல்லாது போயிற்று. வெடிமருந்தின் வலிமையை வாழ்நாளெல்லாம் கண்ட அந்தக் கைகள், பேரனுக்கு உயிர்க்கேடு செய்யாத ஒரு வாளைச் செதுக்கின. தாத்தாவும் இன்றில்லை, வாள் இருக்கிறது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் மெய்யான கருவிகளைச் செய்யப் போகிறோம். அவற்றை யார் கையில் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாதிருக்கவே அந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள், சிரிக்கவும் செய்யுங்கள்.