தோட்டத்து மாதரின் குரலாய் நின்ற மீனாட்சியம்மையார்

ஆண்டுதோறும் நமது மலரிலே பெரியோர் பலரின் சரித்திரங்களை வெளியிட்டு வருகின்றோம். பழைய மலர்களைப் புரட்டிப் பார்க்குமிடத்து, அவற்றுள் பெண்மணிகளின் வரலாறு மிகச் சிலவே இருக்கக் காண்கின்றோம். சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே கொழுந்து பறிப்போருள் பெரும்பாலார் பெண்கள்; இறப்பர் மரத்திலே பால் வெட்டுவோருள்ளும் பலர் பெண்கள். இவர்கள் உழைப்பால் வளர்ந்த நமது சமூகம் இவர்களுட் சிறந்தோரை மறந்திருத்தல் முறையன்று. ஆதலின் இவ்வாண்டு ஸ்ரீமதி மீனாட்சியம்மாள் நடேசய்யரின் வாழ்க்கையை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

அம்மையார் தம் கணவருடன் தங்கிப் பணியாற்றிய இடம் அட்டன் நகர். ஆயினும் அவர் யாருக்காகப் பாடினாரோ, யாருக்காக எழுதினாரோ, அவர்கள் பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் லயங்களிலும் வாழ்ந்தார்கள். அவர்கள் நம்முடைய பாட்டிமார்களே. எனவே அம்மையாரை நம்மவர் என்று உரிமை பாராட்ட நாம் தயங்க வேண்டுவதில்லை.

அம்மையாரின் கணவர் தேசபக்தர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த இவர், அயலார் எவரும் அனுமதியின்றி உட்புக முடியாதிருந்த தோட்டங்களுக்குள்ளே புடைவை வியாபாரி வேடத்தில் சென்று தொழிலாளர் படும் துயரை நேரிற் கண்டார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தையும் நிறுவினார். சட்டநிரூபண சபையிலும், பின்னர் 1936 முதல் அரசாங்க சபையிலும் அங்கம் வகித்தார். இத்தகையோரின் மனைவி வீட்டின் உள்ளே இருந்து விருந்தோம்பினாலே போதும் என்பது அக்கால வழக்கம். மீனாட்சியம்மையாரோ பத்திரிகைப் பணியிலும் பங்கு கொண்டார், கூட்டங்களுக்கும் கணவருடன் சென்றார், மேடையேறிப் பாடினார். குடும்பப் பெண்கள் பலர் நடுவே நின்று பாடுதல் தகாது என்று ஊரார் கருதிய காலத்தில் அதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அம்மையார் ஏன் பாட்டைத் தேர்ந்தார்? அக்காலத்துத் தோட்டத்துப் பெண்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. பத்திரிகையில் எழுதும் கட்டுரை அவர்களைச் சென்றடையாது. பாட்டோ அவர்களுக்கு அன்னியமானதன்று. பிள்ளையைத் தொட்டிலில் இட்டால் தாலாட்டு. இறந்தோரை நினைத்தால் ஒப்பாரி. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கையில் வேலைக் களைப்புக்கு ஒரு பாட்டு. ஒரு முறை காதில் விழுந்த மெட்டு மறுநாள் லயம் முழுவதும் பரவிவிடும். இதை நன்குணர்ந்த அம்மையார், மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளரின் குறைகளையும் உரிமைகளையும் பாட்டாக அமைத்தார். பாரதியாரின் பாடல்களையும் பாடினார். தோட்டத்து வாயிலிலே காவற்காரன் மனிதரைத் தடுக்கலாம்; பாட்டைத் தடுக்க அவனால் இயலுமோ?

பெண்களுக்குச் சொல்ல வேண்டிய குறைகள் அன்று பல. அதிகாலையிலே கொம்பு ஊதியதும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். சிறிது பிந்தினால் பேர் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் சம்பள விகிதம் வகுக்கப்பட்டபோது, தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் என்று விதிக்கப்பட்டது. வேலை நேரம் ஒன்று, வெயிலும் அட்டைக்கடியும் ஒன்று. கூலி மட்டும் வேறு. வீடு திரும்பிய பின் அடுப்பும் தண்ணீர்க் குடமும் பெண்ணுக்கே காத்திருந்தன.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அவ்வாண்டு நவம்பரிலே, நமது கேகாலைப் பகுதியைச் சேர்ந்த ருவன்வெல்லைத் தொகுதியின் இடைத்தேர்தலில் ஶ்ரீமதி அடலின் மொலமூரே வெற்றி பெற்று, இலங்கைச் சட்டசபையின் முதற் பெண் அங்கத்தவரானார். இது நம் மாகாணத்துக்கு வாய்த்த பெருமை. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கோ, இந்நாட்டிலே நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டினாலன்றி வாக்கு எளிதிற் கிட்டவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதை வற்புறுத்தியவர் மீனாட்சியம்மையார். அவ்வுரிமையைப் பயன்படுத்த அறியாமை தடையாகிவிடலாகாது என்பதே அவர் கவலை.

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை விலக்கும் ஏற்பாடு நடைபெற்றது. பண்டித நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் உதயமாயிற்று. எங்கும் கலக்கம் நிறைந்த அவ்வேளையிலே, 1940இல், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டுப் பிரசுரத்தை அம்மையார் வெளியிட்டார். இம்மண்ணை வளமாக்கியோர் இம்மண்ணிலேயே அன்னியராக எண்ணப்படும் அவலத்தை எடுத்துக்காட்டி, ஒற்றுமையாக நிற்குமாறு மக்களை அழைத்தது அந்நூல்.

அம்மையார் அஞ்சியது வீண் அச்சமன்று. ஆறே ஆண்டுகளில், 1946இல், நமது கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர், சுற்றுத் தோட்டங்களிலும் வேலை நின்றது. 1947இல் நடேசய்யர் காலமானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்து, தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கு அக்குறை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதோ 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கைகூடியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? உரிமை பெற்றோர் எவரும் வாய் திறவாதிருந்து பெற்றாரல்லர். முதலில் ஒருவர் பேசியாதல் வேண்டும், பாடியாதல் வேண்டும். அம்மையார் பெரும் பதவி எதனையும் நாடவில்லை. பேசப் பழகாதிருந்த பெண்களின் நாவிலே தம் துயரைச் சொல்லும் சொற்களை வைத்தார். அதுவே அவர் செய்த பெருந்தொண்டு.

ஈண்டு நம் குறையையும் நாம் ஒளியாது சொல்வோமாக. திருவிழாவென்றால் கோலமிடவும், பொங்கற்பானை ஏற்றவும், அன்னதானத்துக்குக் காய் நறுக்கவும் நம் சகோதரிமாரை அழைக்கின்றோம். மேடையிற் பேசவும், நிருவாக சபையில் அமரவும் அழைக்கின்றோமா? வருங்காலத்தில் நம் சங்க மேடையிலே தோட்டத்துப் பெண்ணொருத்தி அச்சமின்றி எழுந்து தன் கருத்தைச் சொல்லும் நாளே நாம் அம்மையாருக்குச் செய்யும் உண்மையான விழாவாகும். அவர் பாட்டிலே பிறந்த துணிவு நம் பெண்மக்கள் நெஞ்சிலே நிலைபெறுவதாக.

வாழ்க மீனாட்சியம்மையார் நாமம்! வளர்க மாதர் பணி!